வெர்னா எண்ணிய முகங்கள்

முதலில் நெற்றி, அடுத்து இடக்கன்னம், பிறகு வலக்கன்னம், கடைசியில் தாடை. ஊர்க்கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் பரிமாறும்போது வரிசையில் எந்த விடலை நின்றாலும் வெர்னா டாலஃப்சனின் கண்கள் இந்த வழியில்தான் போகும். உதடு லேசாக அசையும். "பதினெட்டு" என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டை நீட்டுவார்.

வயது எண்பதை நெருங்குகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் விஸ்கான்சினில் ஒரு தோல் மருத்துவமனையில் பரு எண்ணும் நர்ஸ் அவர். பருவுக்கு விழுங்கும் ஆன்டிபயாடிக் நல்லதா, தடவுவது நல்லதா என்று டாக்டர் ஹாஸ்கின் ஓர் ஆய்வு நடத்தினார். வந்த அறுபது பேருக்கும் மாத்திரை ஒரு புட்டி, லோஷன் ஒரு புட்டி. இரண்டில் ஒன்றில்தான் மருந்து. எது யாருக்கு என்று வெர்னாவுக்கும் தெரியாது. "என்னைக் கேட்டா? நானும் உன்னை மாதிரி கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்பார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிய வேண்டும் என்பதால் அப்போது வெங்காயம் தொடமாட்டார். இன்றும் தொடுவதில்லை.

அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் டுவேனிடம்தான் வந்து நிற்பார். பால்பண்ணைப் பையன், பதினேழு வயது. மூக்குவரை தொங்கும் முடி. ஆகஸ்டில் ஊர் மாட்டுக் கண்காட்சி, தான் வளர்த்த கிடாரியை அவன்தான் ஊர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். "நான் போகல. அப்பாவே இழுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

முதல் நாள் நாற்பத்து மூன்று. ஆறாவது வாரம் நாற்பத்தொன்று.

"மாத்திரையை எதோட முழுங்குற?"

"பாலோடதான். எங்க வீட்ல தண்ணி யாரு குடிக்கிறா?"

"அடப்பாவி! பால் மருந்தைக் கட்டிப்போட்டுடும்னு முதல் நாளே தாள்ல குடுத்தோமே!"

"அதை அம்மா படிச்சாங்க."

பால் விஷயத்தை அவனுடைய ஆய்வுத் தாளில் எழுதினால் பையனை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயம். எழுதாவிட்டால் அந்தத் தாள் பொய். எழுதினார். தாளோடு போய் டாக்டர் முன்னால் நின்றார்.

"இவனை அனுப்பிடாதீங்க, டாக்டர்."

"யாரு அனுப்பப்போறா? எழுதிட்டீங்கல்ல, அது போதும். இனி தண்ணியில முழுங்கச் சொல்லுங்க."

இலையுதிர்காலத்தில், யாருக்கு எதில் மருந்து என்று எழுதி ஒட்டிவைத்த ரகசிய உறையைப் பிரித்தபோது மாத்திரையும் லோஷனும் ஏறக்குறையச் சமம். "இத்தனை எண்ணியும் ரெண்டும் ஒண்ணுதானா?" என்று டாக்டர் சலித்துக்கொண்டார். "பால் குடிக்கிறவனுக்குத் தடவுறது, தடவச் சோம்பல்படுறவனுக்கு முழுங்குறது" என்றார் வெர்னா. இப்போதெல்லாம் ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாக எழுதுவதில்லை என்று யாராவது சொன்னால் பெருமூச்சு விடுவார்: "கிருமிக்கும் பழகிப்போச்சு, பாவம். அந்தக் காலத்துல தடவுற மருந்தும் புதுசு, நாங்களும் புதுசு."

டுவேன் கடைசியாக வந்தது கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். நெற்றியில் மூன்று, கன்னங்களில் ஐந்து, தாடையில் ஒன்று. ஒன்பது.

"போறியா?"

"போறேன். அவ நான் பிடிச்சாத்தான் நடப்பா."

வெர்னா எண்ணைக் குறித்தார். விளக்கை அணைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முகத்தை முழுசாக, எண்ணாமல், பார்த்தார்.