நங்கை கேட்ட கொஞ்ச நேரம்

கல்யாண மண்டபத்தின் பின்புறம், வேப்பமர நிழலில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நின்றது அண்ணனின் கார். அதற்குள் பட்டுப்புடவையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். உள்ளே என் மகனுக்குக் காது குத்தக் காத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் பையன் தயார். சீர்த்தட்டோடு பக்கத்தில் நிற்க வேண்டியவர் இங்கே.

நங்கை அதிகம் பேசாதவர். ஆனால் அன்று காலையிலிருந்து வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கைகூப்பி "வாங்க, வாங்க" என்று அழைத்தவர் அவர்தான். காங்கேயம் பக்கம் அந்த ஒரு சொல் யாருக்காவது விட்டுப்போனால் போதும், வருஷக் கணக்கில் முகம் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று காணாமல் போனால்? என் மாமியார் காதருகே வந்து, "ஏனம்மணி, உங்க நங்கை கோவிச்சுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது. நாங்க என்ன தப்புப் பண்ணிப்போட்டோம்?" என்றார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இன்றோடு பேச்சு அற்றுவிடும் என்று பயந்து தேடி ஓடினேன்.

கார் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "கோவமுங்களா நங்கை?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. பேசிப் பேசி எனக்குள்ள ஒண்ணுமே மிச்சமில்ல. கொஞ்ச நேரம் இருந்துபோட்டு வாரேன்."

இறங்கப் போனேன். கையைப் பிடித்தார். "நீ இரு. பேசாம இரு, அது போதும்."

நானா பேசாமல் இருப்பது! என் வாய் ஓயாது என்பது கோயமுத்தூருக்கே தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கியவர், நேராக என் மாமியாரிடம் போய், "தப்பா நினைச்சுக்காதீங்க, அசந்துபோச்சுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அத அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்று அவரும் மோர் கொண்டுவரச் சொன்னார். பையன் வீறிட்டு அழ, காதுகுத்து நல்லபடியாக முடிந்தது.

இப்போது நாங்கள் சரவணம்பட்டியில் இருக்கிறோம். போத்தனூரிலிருந்து நங்கை அவ்வப்போது வருவார். சாப்பிட்டதும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கிடப்போம், பேச்சே இருக்காது. "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார் என் கணவர். போன தடவை நானே கேட்டுவிட்டேன்: "சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரோணுமுங்களா நங்கை?"

"தனியா இருந்தா பாதிதான் தெளியுது கண்ணு" என்றார், கண்ணைத் திறக்காமலே. "உன்ர பக்கத்துல கிடந்தாத்தான் முழுசாத் தெளியுது."

வாயாடி என்று பேரெடுத்தவள் நான். தலையணையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.