சிந்துவெளிச் சாக்கடையும் வால்தம்ஸ்டோக் குளியலறையும்

மொகஞ்சதாரோவின் சாக்கடைகளைப் பற்றி யாராவது மேடையில் பெருமையாகப் பேசத் தொடங்கினால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த ஊரைத் தோண்டியவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் மேலும் இல்லை, அவர்கள் கெட்டிக்காரர்கள். என் அருவருப்பெல்லாம் லண்டனில் எனக்கு வாய்த்த ஒரு வாடகை வீட்டுக்காரர் மேலும், அதைவிடக் கூடுதலாக என் மேலும்தான்.

எண்பதுகளின் கடைசியில் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர்கள். எல்லோருடைய அகதிக் கேசும் குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. கீழ்த்தளத்தில் சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு கக்கூஸ், அதை ஒட்டிக் குளியல் தொட்டி. கக்கூசில் தண்ணீரை இழுத்துவிட்டால் தொட்டியின் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு மேலே வரும். தண்ணீர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அதில் மிதந்தவற்றை விவரித்தால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். நாங்கள் அதை ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் வாளிக்குள் அள்ளி, வாளியைத் திரும்பக் கக்கூசிலேயே ஊற்றுவோம். அது மறுபடி தொட்டிக்கு வரும். படித்த ஏழு பேர் இரண்டு வருடம் இதைச் செய்தோம்.

வீட்டுக்காரர் நம்மவர்தான். மாணவராக முன்னமே வந்து, நல்ல வேலை பார்த்து, லண்டனின் தெற்கே நோர்பரியில் சொந்த வீட்டில் இருந்தார். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மாதம் ஒருமுறை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வருவார். குசினி வாசலைத் தாண்டமாட்டார். கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பேசுவார்.

"பாப்பம் தம்பிமார். ஆளைப் பிடிச்சுச் செய்விக்கிறன். ஆனா ஒண்டு, கவுன்சிலுக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. அவங்கள் வந்து ஆர் ஆர் இருக்கிறியள் எண்டு பேர் எழுதுவாங்கள். அது நேரை குரோய்டனுக்குப் போகும். பிறகு உங்கட கேசுகளுக்குத்தான் கூடாது."

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? ஊரில் கிராம சேவகர் எழுதிய பெயர்ப் பட்டியல் ஆமிக்காரன் கையில் இருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அரசாங்கம் என்றால் ஒரே உடம்பு, ஒரு விரலைத் தொட்டால் மற்றக் கை வந்து பிடிக்கும் என்பதுதான் எங்கள் அறிவு. குப்பை அள்ளுகிற கவுன்சிலுக்கும் விசா கொடுக்கிற குரோய்டனுக்கும் ஒரு தொடுசலும் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மனிதருக்கு நன்றாகவே தெரியும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன் என்று அவருக்கு எப்படியோ தெரியவந்தது. சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றங்கரை நாகரிகங்களின் எழுச்சி பற்றிப் பேசப் போகிறாராம்.

"தம்பி, எனக்கு நேரமில்லை. நீர் ஒருக்கா எழுதித் தாரும்."

எனக்கு அப்போது தற்காலிக அனுமதி கிடைத்து, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட வழி பிறந்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் புறப்பட்டவன். மகளை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வருமுன் அந்தக் குளியலறையைத் திருத்தித் தரவேண்டும் என்று கேட்டேன். "விழா முடியட்டும், முதல் வேலை அதுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு சனிக்கிழமைகள் நூல்நிலையத்தில் இருந்து எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லண்டனுக்கு வந்தபிறகு நான் சந்தோசமாக இருந்த இரண்டு நாட்கள் அவைதான். வேலைக்குப் பெற்றோல் செட்டில் நின்று நின்று மரத்துப்போன மூளை திரும்ப ஓடியது. ஆற்றங்கரையில் குடியேறுவது பெரிய காரியமில்லை, மாடும் அங்கேதான் போகும் என்று தொடங்கினேன். வெள்ளம் வருகிறது, வண்டல் படிகிறது, உழுதவன் வீட்டுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக விளைகிறது. அந்த மிச்சத்தை நம்பிக் குயவனும் கன்னானும் கோயில்காரனும் ஓரிடத்தில் நெருங்கி இருக்கிறார்கள். நெருங்கியவுடனே நாற்றமும் சண்டையும் வருகின்றன. நைல் ஏறக்குறைய சொன்ன காலத்துக்கு வரும். யூப்ரடீசையும் டைகிரிசையும் நம்ப முடியாது, அங்கே வாய்க்கால் தூர்ந்தால் ஊரே இறங்கி வாரவேண்டும். சிந்துவெளியில் வீடுகளுக்குள் குளிக்கும் மேடை, அதிலிருந்து தெருவாய்க்கால், அதற்குச் செங்கல் மூடி. என் வீட்டு அழுக்கு உன் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், அதற்கு நீயும் நானும் பேசி ஒரு சரிவு வைக்கவேண்டும். அந்தப் பேச்சு நடந்த பிறகுதான் ஊர் நகரமாயிற்று என்று எழுதினேன். சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் சந்தேகமறப் படிக்கவில்லை, அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினேன்.

நோர்பரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனையால் நைலை வெட்டினார், யூப்ரடீசை வெட்டினார். "உவங்களைப் பற்றி எங்களுக்கேன்? எங்கடையைச் சொல்லுவம்." மொழி தெரியாது என்ற வரியை வெட்டி, அதன் மேலே 'நாமே' என்று எழுதினார். எனக்கு எரிந்தது. திரும்பும்போது அவர் வீட்டுக் கக்கூசுக்குப் போனேன். தரையில் ரோசா நிறக் கம்பளம் விரித்திருந்தது. கால் வைக்கக் கூசியது.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். இருவர் வேறு வீடு பார்த்துப் போக, மாடி முன் அறை எங்களுக்கு. முதல் நாள் மனைவி தொட்டியைப் பார்த்துவிட்டுச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பிளீச் ஊற்றித் தேய்த்தாள். இரண்டு மணித்தியாலம் தேய்த்தாள். மேல் அறைக்காரன் இறங்கி வந்து கக்கூசுக்குப் போய்த் தண்ணீரை இழுத்தான். அவள் கண்முன்னாலேயே எல்லாம் திரும்பி வந்தது.

"இஞ்சேருங்கோ, உதை ஆரிட்டையும் சொல்ல ஏலாதோ? கவுன்சில் எண்டு ஒண்டு இருக்குதாமே."

"அது குரோய்டனுக்குப் போயிடும். உமக்கு விளங்காது. விழா முடியட்டும்" என்றேன். வீட்டுக்காரரின் வாய் என் முகத்தில் முளைத்திருந்தது. மகளைக் குளிக்க வார்ப்பது எனக்கு ஆசையான வேலை. இரண்டு வருடம் காணாத பிள்ளை. தொட்டியை அள்ளிக் கழுவி, பிளீச் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, அதற்குள்ளேயே அவளை இருத்தி வார்த்தேன். அவள் தண்ணீரைக் கையால் அடித்துச் சிரிப்பாள், வாயிலும் அள்ளி வைப்பாள்.

பத்தாம் நாள் பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. பிறகு சத்தி, குடித்த பாலும் வெளியே வந்தது. கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மருந்தேற்றினார்கள். ஒரு இளம் டொக்டர் பெண் மிகப் பதமாகக் கேட்டாள்: வீட்டில் கழிவுத் தண்ணீர் ஏதாவது அடைபட்டிருக்கிறதா, பிள்ளை அதில் விளையாடியதா? அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. படிவத்தைக் கண்டதும் எனக்குக் குரோய்டன் தெரிந்தது.

"இல்லை. வீடு நல்ல துப்புரவு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு ஆங்கிலம் மனைவிக்கு விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள். சீ, அந்த நேரத்தில் அந்தத் தொட்டியைவிட நான்தான் நாறினேன்.

விழாவுக்கு முந்தின நாள் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். நான் விழாவுக்குப் போகாமல் இருந்தால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், வேலையைச் செய்விக்கமாட்டார் என்று மனைவியையும் பிள்ளையையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். ஒரு பள்ளிக்கூட மண்டபம். குத்துவிளக்கு, வடை, சின்னப் பிள்ளைகளின் நடனம். பிறகு அவர் பேசினார். நன்றாகப் பேசினார், பாவி.

"ஐயாயிரம் வருடங்களுக்கு முன்னரே வீட்டுக்கு வீடு குளியலறை கட்டியவர்கள் நாமே! வெள்ளைக்காரன் காட்டில் திரிந்தபோது கழிவுநீரை மூடிய வாய்க்காலில் விட்டவர்கள் நாமே!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். என்னோடு இருந்த வீட்டுப் பொடியன்களும் தட்டினார்கள். அன்று காலை அள்ளும் முறை அவர்களுடையது. பேச்சு முடிந்ததும் பொன்னாடை போர்த்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். என்னைத்தான். நான் ஏறிப் போர்த்தினேன். கும்பிட்டேன்கூட. அவரிடமிருந்து நல்ல சென்ட் வாசம் வந்தது.

பஸ்ஸில் பிள்ளை மனைவியின் மடியில் நித்திரை.

"உந்தப் பேச்சு நீங்கள் எழுதினதோ?"

"ஓம். ஆனா அவர் கனக்க வெட்டிப் போட்டார்."

"ஊத்தைத் தண்ணியை ஊரார் சேந்துதான் வெளியாலை விடவேணும் எண்டது?"

"அது நான் எழுதினது."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் பிள்ளையை அதுக்குள்ளை இருத்தினனீங்கள்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபின் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விசாரித்து விசாரித்துக் கவுன்சில் கந்தோருக்குப் போயிருக்கிறாள். புதன்கிழமை ஒருவர் வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் கொல்லையில் கிடந்த பழைய மெத்தையை இழுத்துப் போட்டு, அதன் கீழிருந்த இரும்பு மூடியைத் தூக்கி, நீளக் கம்பியை விட்டுக் குத்தினார்கள். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. யாரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் கடிதம் போனது. குரோய்டனிலிருந்து என் அனுமதி வழக்கம்போல நீடிக்கப்பட்டு வந்தது.

அன்று பின்னேரம் தொட்டி வெள்ளையாக, காய்ந்து இருந்தது. நான் சேட்டுக் கையை மடித்துவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்தேன். மனைவி பிள்ளையோடு உள்ளே வந்து குழாயைப் பூட்டினாள்.

"விடுங்கோ, நான் வாக்கிறன்" என்று சொல்லி, நான் வெளியே வரும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.