கெஞ்சாத கெஞ்சி

நேற்று பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். ஊரில் தனக்குள்ள காணிப் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறாராம். "அண்ணை, ஒருக்காப் பாத்துவிடுங்கோ." எங்கள் ஆட்களுக்குப் பத்திரமும் படிவமும் எழுதிக் கொடுப்பது, ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடாத வேலை இது ஒன்றுதான். பார்த்தேன், ஒரு பிழை, திருத்தினேன். முத்திரை மையின் வாசம் விரலில் ஒட்டிக்கொண்டது. வீடுவரை கெஞ்சி நினைவில் கூடவே நடந்து வந்தான்.

கெஞ்சி யப்பானியன். முன்பு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு உணவகச் சமையலறையில் அவன் மரக்கறி வெட்டினான், பட்டதாரியான நான் கோப்பை கழுவினேன். அவன் பெயர் எங்கள் ஆட்களுக்குப் பெரிய கொண்டாட்டம். "கெஞ்சினாலும் லீவு தரமாட்டினம், கெஞ்சி" என்பார்கள். விளங்காமலே சிரிப்பான். உண்மையில் அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஒருநாள் தகப்பன் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவனுடைய ஊரில் வயல், வீடு, குடும்பக் கல்லறை எல்லாம் மூத்த மகனின் பொறுப்பு. வந்து ஏற்க வேண்டும், இல்லையென்றால் தங்கைக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். உடைந்த பிரெஞ்சில் அவன் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்:

"உங்கடை ஊரிலை மூத்தவன் என்ன செய்வான்?"

"எங்கடை ஊரிலை காணி பொம்பிளைப் பிள்ளையளுக்கு. சீதனமாப் போயிடும். மூத்தவன் வெறுங்கையோடை பிளேன் ஏறுவான். எழுதிக் குடுத்திட்டு நிம்மதியா இரு."

பத்திர நடைமுறை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. யப்பானில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு முத்திரை குத்துவார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவன் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றுப்படுத்தினால் போதும். நானே கூட்டிப்போனேன். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. வெளியே படியில் உறையைப் பிடித்தபடி நின்றான்.

"இனி என்ன செய்யிறது?"

"பதிவுத் தபாலிலை போடு" என்றேன்.

மகன் இல்லாத இடத்தில் மருமகன் வீட்டை ஏற்கும் அவர்கள் வழக்கப்படி, தங்கையின் கணவர் அந்தக் குடும்பப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு வயலில் இறங்கினார். சில வருடங்கள் கழித்து ஊருக்குப் போய் வந்த கெஞ்சி, வெட்டுப்பலகையைப் பார்த்தபடி சொன்னான்: "தங்கச்சி நல்லாத்தான் பாத்தவள். ஆனா வாசலிலையே கேட்டாள், எத்தினை நாள் நிப்பாய் எண்டு." கண்ணீருக்கு வெங்காயத்தின்மேல் பழியைப் போடலாமென்றால், அன்று அவன் வெட்டியது கரட்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூத்தவன் என்ன செய்வான் என்று கேட்டானே, வாழ்நாளில் அவன் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். ஊருக்குப் போ என்று ஒருவர் சொல்லவேண்டும் என்று காத்திருந்திருக்கிறான். நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

கெஞ்சி இப்போது உயிரோடு இல்லை. மைத்துனருக்குப் பிறகு வயலில் இறங்க ஆளில்லாமல் நாணல் மூடிவிட்டதாகக் கடைசியாகச் சொன்னான். அந்தச் சமையலறை இன்று கைபேசிக் கடை.

போன வருடம் நான் ஊருக்குப் போனேன். வீடும் காணியும் தங்கைக்கு. அந்தச் சீதன உறுதியின் வரைவை எழுதியதே நான்தான், அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. படலையில் ஓடிவந்து பையை வாங்கியவள், ஆசையாகத்தான் கேட்டாள்:

"அண்ணை, எத்தினை நாள் நிப்பியள்?"

பதினைந்து என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாள். அது விளங்கக்கூடிய ஒரே ஆளுக்குத் தமிழ் தெரியாது, அவனும் போய்விட்டான்.