ரீற்றா அக்காவின் பனங்கட்டி வைன்

ரீற்றா அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை, மன்னாரில், மகள் வீட்டில்... மகள் மெசஞ்சரில் எழுதியிருந்தார்.

இங்கே என் நண்பர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. நான் அவரைப் பற்றிக் கதைத்ததில்லை. வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கொக்குவிலில் ஒரு கூட்டுறவுச் சங்க ஒபிசில் நான் கிளாக், அவர் டைப்பிஸ்ட். கடற்கரையோரக் குருநகரில் ஷெல் விழுந்து வீடு போனபின் எங்கள் பக்கம் ஒரு வளவில் அறை எடுத்து இருந்தார்.

பொருளாதாரத் தடைக் காலம். கொழும்புக்கு லொறி போகாததால் புத்தூர்ப் பக்கம் முந்திரிகை மலிந்து கிடந்தது. (முந்திரிகை என்றால் எங்கள் ஊரில் திராட்சை. இந்திய நண்பர்கள் கஜு என்று நினைக்க வேண்டாம்.)

அக்காவுக்கு வைன் போடுவதில் ஒரு பைத்தியம். நத்தாருக்கு (கிறிஸ்மஸ்தான்) ஒரு போத்தல் என்று தொடங்கினாராம், பிறகு ஆசை விடவில்லை.

சீனி கிடைக்காவிட்டால் பனங்கட்டி போட்டுப் பார்ப்பார். அப்ப மாவுக்கு விடுவது போலக் கொஞ்சம் கள்ளு விட்டுப் பார்ப்பார்... ஒரு தரம் முழுக்க வினாகிரியாகப் போய்விட்டது. அதையும் வீணாக்காமல் அச்சாறு போட்டுக் கொண்டுவந்தார்.

மத்தியானம் சனம் குறைந்ததும் பிளேன்டீ கிளாசில் அடி நனையுமளவு ஊற்றுவார். உடனே வாயில் வைக்க விடமாட்டார். யன்னல் பக்கம் பிடித்து நிறம் பார்க்க வேண்டும்.

"முதல் மணந்து பார் பிள்ளை. மூக்குக்குக் குடுக்காமல் வாய்க்கு மட்டும் குடுக்கிறது பாவம்."

நான் சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகிக் கோயிலுக்குப் போகிறவள். முதல் வாய் துவர்த்தது. இரண்டாவது வாயில்... என்னத்தைச் சொல்ல, பிடித்துவிட்டது.

சீனி வைனா பனங்கட்டி வைனா என்று இரண்டு பேரும் சாப்பாட்டையும் மறந்து வாதாடுவோம். நான் பனங்கட்டிக் கட்சி. விழுங்கிய பிறகு அதில் லேசாக ஒரு புகை மணம் வரும். அதைக் கண்டுபிடித்தது நான் என்று அக்கா ஒபிஸ் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

அதில் ஒரு போத்தல் நானே கேட்டு வாங்கினேன். புதுப் போத்தலுக்கு அந்தக் காலத்தில் எங்கே போவது? பழைய நெல்லிரச சர்பத் போத்தலில் ஊற்றித் தந்தார், லேபிள் அப்படியே இருந்தது. கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அந்த ஞாயிறு மானிப்பாயில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல வெயில். நான் அறைக்குள் சீலை உடுத்திக்கொண்டிருக்க, அம்மா நெல்லிரசத்தைக் கண்டெடுத்துத் தண்ணீர் கலந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல ருசி என்று இன்னொரு கிளாஸ் கேட்டாராம். தாய்மாமன் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்து, இது எங்கே வாங்கியது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். மகள் சங்கத்தில் இருந்து கொண்டுவந்தது என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஏற்கெனவே பொருந்தியிருந்த சாதகம் அதன்பிறகு பொருந்தாமல் போய்விட்டது.

அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. வீட்டில் கேட்டபோது ஒளிக்கவும் இல்லை. நான்தான் கேட்டு வாங்கினேன், எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அப்பாவின் காதில் அது ஏறவில்லை. ஏறினால் பிள்ளை அல்லவா பிழையாகிவிடும்...

அடுத்த நாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஒபிசுக்கு வந்தார். மனேச்சர், கூப்பனோடு நின்ற சனம், எல்லோருக்கும் முன்னால். சின்னப் பிள்ளைகளையே "வாங்கோ, இருங்கோ" என்று கதைக்கிற மனுசன், அக்காவை நீ என்றார்.

"இடம்பெயர்ந்து வந்த இடத்திலை அடங்கி இருக்கத் தெரியாதோ உனக்கு? கடற்கரைப் பழக்கத்தை எங்கடை பிள்ளையளுக்குப் பழக்க வந்தனியோ?"

நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். நான்தான் கேட்டேன், நான்தான் கேட்டேன் என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா எழும்பி நின்றார். "ஓம் ஐயா. பிள்ளையிலை பிழையில்லை, நான்தான் குடுத்தனான்."

அவ்வளவுதான். இருந்து, விட்ட வரியில் இருந்து டைப் அடிக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் ஒபிசுக்கு வைன் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எப்போதும் போலத்தான் சிரித்துக் கதைத்தார்... நான்தான் ஃபைலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். அப்பாவின் மகள் என்பதே கூச்சமாக இருந்தது.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தோம். தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையை எங்களுக்குத் தந்தது. அடங்கி இருக்கத் தெரியாதோ என்று அப்பாவை யாரும் கேட்கவில்லை.

பிறகு நான் கனடா வந்தேன். போன வருடம்தான் அக்காவின் நம்பர் கிடைத்தது. அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். என்ன சொல்வது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

குரலைக் கேட்டதுமே ஆளைப் பிடித்துவிட்டார். நான் தொடங்க முன்னமே, "அப்பா காலமானதெண்டு கேள்விப்பட்டனான் பிள்ளை. இஞ்சை கோயில்லை அவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்தனான்" என்றார்.

ஓம் அக்கா... ஓம் அக்கா... கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

நாளைக்கு அடக்கம். இங்கே அக்காவுக்கு ஒரு பூசை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வேதக்கோயில் எங்கே இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இன்பொக்சில் சொல்லுங்கள்.

போயிட்டு வாங்கோ, ரீற்றா அக்கா.