மாமாவுக்கு ஒரு கதிரை

ஒரு ஊரிலே ஒரு துறைமுகமாம், அதற்குப் பக்கத்திலே பூட்டுப் போட்ட ஒரு வீடாம், அந்த வீட்டிலே இருக்கிற பொடியன்களுக்குக் கோபத்தை ஆற்றச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளாம். அந்த ஆள் நான்தான். நீதிமன்றம் அனுப்பிவைக்கிற சிறுவர்களுக்கு உளவளத்துணை செய்வது என் தொழில். என் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. போதாததற்கு யன்னலுக்கு வெளியே கப்பல் ஊதும். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதைத்துச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

அமைதியான கடல்

முதல் கிழமை மூச்சுப் பயிற்சி. "கண்ணை மூடுங்கோ. அமைதியான கடல். நடுவில ஒரு தோணி. அதில நீங்கள் மட்டும்." பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, எழுதியவர் கடலைக் கரையில் நின்று பார்த்தவராக இருக்கவேண்டும். எல்லாரும் ஒழுங்காக மூச்சு விட்டார்கள். ஈச்சிலம்பற்றுக் கபிலனுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

அவன் உள்ளே வந்ததே கடலால்தான். தாய் வெளிநாட்டில் வேலை, வளர்த்தது தாய்மாமன். மாமாவோடு சண்டை பிடித்த கோபத்தில் அவருடைய படகை எடுத்துக்கொண்டுபோய்ப் பாறையில் ஏற்றிவிட்டான். எஞ்சின் கழன்று கடலுக்குள் போனது, படகு தப்பியது. பொலிசில் சொன்னதும் மாமாதான். இனி மாமா வந்து பொறுப்பெடுத்தால் வீடு. இல்லாவிட்டால் பதினெட்டு வயது வரைக்கும் எங்களோடு. மாமாவோ இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டே அவனைத் தோணியில் ஏற்றிய என்னை என்ன சொல்ல?

"கண்ணை மூடினா அந்த எஞ்சின் தாழுறதுதான் சேர் தெரியுது. ஒரு காட்டைச் சொல்லுங்களன்."

வெறுங்கதிரை

அடுத்தது கதிரைப் பயிற்சி. வெறுங்கதிரை ஒன்றை முன்னால் வைத்து, யாரோடு கோபமோ அவர் அதில் இருப்பதாக நினைத்துக் கதைக்கவேண்டும். கபிலன் மாமாவை இருத்தினான். இருத்திவிட்டு, தான் இருக்கமாட்டேன் என்று நின்றான். மாமாவுக்கு முன்னால் அவன் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லையாம். "மாமா இல்லையே, வெறுங்கதிரைதானே," என்றேன். "அப்ப ஆரோட சேர் கதைக்கிறது?" என்றான்.

மூதூர் நிஸ்தாருக்கு இந்த இழுபறி பொறுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் எதிலும் தனக்கொரு பங்கு கேட்கிறவன் அவன். கபிலன் சொல்லக் கேட்டதை வைத்து, ஓடிவந்து கதிரையில் சாய்ந்து, சாரத்தை மடித்துக் காலுக்குமேல் கால் போட்டு, இல்லாத மீசையைத் தடவினான். கபிலன் உடனே இரண்டு அடி பின்னால் போனான். மாமா அவ்வளவு அச்சு. "சரி, இப்ப கதையுங்கோ," என்றேன். கதிரையில் இருந்த மாமா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"முதல்ல தேத்தண்ணி. தேத்தண்ணி தராம என்னோட கதைக்க ஏலாது."

ஒத்திகை

கடைசியில் மாமா வரச் சம்மதித்த செய்தி வந்தது. பொறுப்பெடுப்பதாக அல்ல, பார்க்க மட்டும். நானே ஒரு வசனம் எழுதினேன்: "மாமா, நான் செய்தது பிழை. உங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்." நிஸ்தார் மாமாவாகி ஏசினான், கத்தினான், கதிரையைத் தூக்கினான். கபிலன் கோபப்படாமல், மூச்சை இழுத்துவிட்டு, வசனத்தைச் சொல்லிப் பழகினான். ஆனால் ஒவ்வொரு முறையும் முகம் கோணியது. பிழை விட்டால் அவர்கள் வீட்டில் வாய் திறப்பதில்லையாம். விடியப் போய்ப் படகைத் தள்ளிக்கொடுத்தால் சரியாம்.

"மன்னிப்பு எண்டு சொன்னா, ஆரோ சாகக் கிடக்கினம் எண்டு நினைப்பாங்க சேர்."

மாமா வந்தார்

வந்தவர் நிஸ்தார் நடித்த மாமாவில் பாதி உயரம். மீசை மட்டும் அச்சு. ஏசவில்லை, கத்தவில்லை, வாயே திறக்கவில்லை. அதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. கபிலன் நின்றபடி வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். மாமா என்னைப் பார்த்தார். "தம்பி, இவன் ஏன் செய்தி வாசிக்கிறான்?"

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். கபிலன் நிலத்தைப் பார்த்தபடி மெல்லக் கேட்டான்: "இப்ப ஆர் மாமா உங்களோட படகு தள்ளுறது?"

"உன்ட மாமி," என்றார் மாமா. "தள்ளுறதைவிட ஏச்சுத்தான் கூட."

கபிலன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மாமா கடைவாயைத் துடைப்பதுபோல முகத்தை மறைத்தார். பிறகு எழும்பி, வழக்கு எப்போது என்று என்னைக் கேட்டார். திங்கட்கிழமை என்றேன். கபிலனைப் பாராமலே சொன்னார்:

"அண்டைக்குக் கடலுக்குப் போகயில்ல. காலமையே வாறன்."

மிச்சம்

மாமா துறைமுக வீதியால் நடந்து மறைந்தார். கபிலன் முகம் கழுவப் போனான், வெகுநேரம் கழுவினான். நிஸ்தார் மட்டும் என் பக்கத்தில் நின்றான். தான் தொண்டை கிழியக் கத்தியது வீண் என்று முதலில் குறைப்பட்டான். பிறகு கதிரைப் பயிற்சியில் தன் முறை இன்னும் வராதது அவனுக்கு நினைவு வந்தது.

"திங்கக்கிழமை இவன் போனா, என்ட வாப்பாவா ஆரு சேர் நடிக்கிற?"

பதிலுக்கு நிற்காமல் அவனும் சோற்றுக்குப் போனான். சொல்லிக்கொடுத்த எதையும் பாவிக்காமல் ஒருவன் வீடு போய்ச் சேர்ந்தால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வெற்றி.