நீலக் கரை வைத்த தொப்பி

எங்கள் வீட்டுச் சமையல் மேசையில் ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் செத்துப்போன அதிகாரிகளின் தொப்பிகள் கிடக்கும். என் கணவர் வோல்க்மார் ஃபுல்டா ரயில் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய ராணுவ அதிகாரித் தொப்பிகளில் எது அசல், எது பின்னால் செய்தது என்று பார்த்துச் சொல்வார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் கிழக்கே போய்த் திரும்பவேயில்லை. ஒரு பித்தான்கூட வரவில்லை. அதனால்தான் இவர் தொப்பி தொப்பியாகத் துழாவுகிறார் என்று ஊரில் உருக்கமாகப் பேசிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றியதில்லை. பொய் சொல்கிற துணியைக் கண்டால் மனுஷருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே ஆசை, தொப்பி அசலாக இருக்க வேண்டும். போலி என்று சொல்லிவிட்டால் முகம் தொங்கிப்போகும். என் காபியைக் குடித்துவிட்டு அவரையே திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

இர்ம்காட் வந்தது ஒரு நவம்பர் மதியம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்த பெண்மணி. அம்மா இறந்தபின் பரணில் கிடைத்த அப்பாவின் தொப்பியைத் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எங்க ஊர்க் கண்காட்சியில வைக்கப் போறாங்க. அசல்னு நீங்க எழுதிக் குடுக்கணும்," என்றார். "அப்பா சப்ளைப் படையில அதிகாரி. போர்முனைக்கு ரொட்டி ஏத்திக்கிட்டுப் போனவர். ஒரு உயிரை எடுத்ததில்ல. என் அண்ணன் டெட்லெஃப் மட்டும் அவர் ராணுவப் போலீஸ்ல இருந்தார்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான். அவன் வாயை அடைக்கணும்."

ராணுவப் போலீஸ் என்றால் யாரென்று எனக்குத் தெரியும். போர் முடிகிற சமயத்தில், படையை விட்டு வீட்டைப் பார்க்க ஓடிவந்த பையன்களைப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டவர்கள் அவர்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

வோல்க்மார் முதலில் கழுகுச் சின்னத்தில் இருந்த நாஜிக் கொக்கிச் சிலுவைமேல் கறுப்புத் தாளை ஒட்டினார். அதை வெளியில் காட்டினால்தான் குற்றம்; வீட்டுக்குள் எந்தப் போலீசும் கேட்கப்போவதில்லை. என் மேசையில் அது தெரியக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

"ரொட்டிக்காரர்னா வெளிர்நீலக் கரை. சரியாத்தான் இருக்கு," என்றார். தொப்பியின் உச்சியைச் சுற்றியும், நெற்றிக்கு மேலே ஓடும் துணிப்பட்டையின் மேலும் கீழும் ஓடுகிற அந்த மெல்லிய கரைதான் எந்தப் படை என்று காட்டும். உள்ளே நெற்றியில் படும் தோல் வார் வியர்வையில் கறுத்து, ஒரே தலைக்குப் பழகிப் படிந்திருந்தது. வெள்ளிக் கயிறு மங்கியிருந்தது. சின்னத்தின் கம்பிகள் நுழைந்த துளைகளைத் தவிர வேறு துளை இல்லை; சின்னத்தை யாரும் மாற்றவில்லை.

"தொப்பி அசல்."

"அப்பாடா!" என்றார் இர்ம்காட். "நீங்க எழுதிக் குடுத்ததும் இன்னிக்கே அண்ணனுக்கு ஒரு நகல் போகும்."

"பொறுங்க. விளக்கு பாக்கி இருக்கு."

திரையை இழுத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டார். தொப்பி இருட்டாகவே இருந்தது. நீலக் கரையைப் பிடித்திருந்த நூல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்தது.

"இந்த மாதிரி நூல் போருக்கு அப்புறம் வந்தது," என்று சொல்லி ஊசி முனையால் மடிப்பை விலக்கினார். பழைய கரையின் பிசிறு ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. ஆரஞ்சு நிறம்.

"ஆரஞ்சுன்னா?"

"ராணுவப் போலீஸ்."

இர்ம்காட் தொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். "விக்கிறதுக்காக எவனாவது மாத்தியிருப்பான்."

"விக்கிறவன் நீலத்தைப் பிச்சிட்டு ஆரஞ்சு வைப்பான். அதுக்குத்தான் கிராக்கி. தலைகீழா யாரும் செய்ய மாட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கு அடுப்புல போட்டுத் தொலைச்சிருக்கலாமே!"

"எரிக்க மனசு வந்திருக்காது, ரொஸ்விதா. அப்படியே வச்சிருக்கவும் பயம்," என்ற வோல்க்மார், பூதக்கண்ணாடியை நகர்த்தினார். "தையல்காரர் வேலை இல்ல இது. வீட்டுல தைச்சது. தையலெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுது பாருங்க. இடது கைக்காரங்க யாரோ."

இர்ம்காட் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"அம்மா எழுதுறது வலது கையில," என்றார் மெதுவாக. "பள்ளிக்கூடத்துல அடிச்சுப் பழக்கிட்டாங்க. தைக்கிறது மட்டும் இடது கையிலதான்."

நான் காபியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அப்பா பொய் சொன்னார்னா தாங்கிடுவேன்," என்றார். "எனக்குக் கவுன் தைச்ச கையாலயே உக்காந்து சுத்திச் சுத்தித் தைச்சிருக்காங்களே. அப்புறம் என்னைப் பக்கத்துல உக்காரவச்சு ரொட்டிக் கதையும் சொல்லியிருக்காங்க."

இர்ம்காட்டை அப்படிப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க. கண்காட்சி வேண்டாம், வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. நாங்க யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம்."

"இவ்வளவு நாளும் வீட்டுலதானே இருந்தது?" என்றார் இர்ம்காட். வோல்க்மார் பக்கம் திரும்பி, "பாத்ததை எழுதுங்க," என்றார்.

அவர் எழுதினார்: தொப்பி அசல். கரை முதலில் ஆரஞ்சு. போருக்குப் பின் நீலமாக மாற்றப்பட்டுள்ளது.

"யார் மாத்தினதுன்னும் எழுதுங்க."

"அதைத் தொப்பி சொல்லலையே. நான் எப்படி எழுதுவேன்?"

"அப்ப பேனாவைக் குடுங்க."

வோல்க்மாரின் கையெழுத்துக்குக் கீழே, இர்ம்காட் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாக எழுதினார்: நீலக் கரையைத் தைத்தவர் என் தாய். இந்தத் தாளையும் தொப்பியோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும்.