முப்பது மார்ச்சும் ஒரு காளவாசலும்

மழைமானியை மொட்டை மாடியில் வைக்கக் கூடாது. மாடியில் காற்று சுழலும். உள்ளே விழ வேண்டிய துளிகளில் ஒரு பங்கு வெளியே போய்விடும். அருகிலுள்ள சுவர் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளித் திறந்த தரையில் வைக்க வேண்டும். சமயநல்லூர் நல்லகாமன் இந்த விதியை 1994-ஆம் ஆண்டின் இறுதியில் படித்தார். அவருடைய வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. தெருக்கோடியில் ஒரு காலி மனை கிடந்தது. அதன் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, ஒரு வாளி வைக்கும் அளவு இடத்துக்கு எழுத்து மூலம் அனுமதி பெற்றார். அந்தக் கடிதம் இன்றும் அவருடைய முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

நானும் அவரும் மின்வாரிய அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் பணியாற்றினோம். அவர் கணக்கீட்டாளர். வீடு வீடாகச் சென்று மீட்டரைப் படித்து எழுதுவது வேலை. கண்ணை மீட்டருக்கு நேராக வைத்துத்தான் படிப்பார். குனிந்தோ நிமிர்ந்தோ படித்த எண்ணை அவர் எண்ணாகவே ஒப்புக்கொள்வதில்லை. அதே பழக்கம் மழைக்கும் வந்தது.

நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறப்பார். உள்ளே சேர்ந்த நீரைக் கண்ணாடி உருளையில் ஊற்றி, கண் மட்டத்தில் உயர்த்திப் பிடித்து, மில்லிமீட்டரில் படித்து அன்றைய தேதிக்கு எதிரே எழுதுவார். அவர் வெளியூர் போனால் அவருடைய மனைவி சின்னத்தாய் அளப்பார். முப்பது ஆண்டுகளில் இருவராலும் அளக்க முடியாமல் போன நாட்கள் பதினொன்று. அந்தப் பதினொரு நாட்களுக்கும் சிவப்பு மையில் ‘அளக்கவில்லை’ என்று எழுதியிருப்பார். அளக்காததும் பெய்யாததும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி.

சராசரி என்ற சொல்லை மட்டும் அவர் நெடுங்காலம் வாயால் சொல்லவில்லை. ஓர் இடத்தின் மழைச் சராசரியைச் சொல்லக் குறைந்தது முப்பது ஆண்டுக் கணக்கு வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் தேநீர்க் கடையில் கேட்டவர்களுக்கு “இன்னும் ஆகல” என்று ஒரே பதிலைச் சொன்னார். 2024 முடிந்தது, முப்பது ஆண்டு நிறைந்தது. 2025 பொங்கல் விடுமுறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். அவர் மேலிருந்து கீழாகக் கூட்டினார். நான் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். இரண்டும் ஒத்துவந்த பிறகே ஒரு தாளில் அச்சிட்டார். மாதவாரிச் சராசரி ஒரு புறம். ஒவ்வொரு தேதியிலும் முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை மழை பதிவாயிற்று என்பது மறுபுறம். தேநீர்க் கடைச் சுவரில், இரு புறமும் தெரியும்படி, அதன் இரண்டு பிரதிகளை அருகருகே ஒட்டினார்.

அந்தத் தாளில் மார்ச் மாதத்துக்கு எதிரே பதினெட்டு மில்லிமீட்டர் என்று இருக்கும். இதைப் பற்றி நல்லகாமனுக்குச் சொல்ல நிறைய உண்டு. முப்பது மார்ச்சுகளில் ஒன்றில்கூடப் பதினெட்டு மில்லிமீட்டர் பெய்ததில்லை. பதினேழு மார்ச்சுகள் ஒரு சொட்டும் இல்லாமல் கழிந்தன. ஒரு மார்ச்சில் 212, இன்னொன்றில் 181. மீதிப் பதினொன்றும் சில்லறை. எல்லாவற்றையும் கூட்டி முப்பதால் வகுத்தால் பதினெட்டு. “நம்ம ஊருக்கு வந்தே பாக்காத ஒரு மழைக்குப் பேருதான் மார்ச் சராசரி” என்பார். அதற்காகச் சராசரியை அவர் தாழ்த்திப் பேசியதும் இல்லை. அது எந்த ஒரு நாளையும் சொல்லாது. ஒரு நாள் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் என்பார்.

இந்த ஆண்டு மார்ச் நன்றாகவே விலகி நின்றது. முதல் வாரம் சித்திரை வெயில் முன்கூட்டியே வந்துவிட்டதுபோல் காய்ந்தது. இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் தூறல், விடிந்தால் மூடுபனி. காலமே கெட்டுவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நல்லகாமன் நோட்டுகளைப் புரட்டி, இப்படிக் காய்ந்து நனைந்த மார்ச் இதற்கு முன் நான்கு வந்திருக்கிறது என்று காட்டினார். கூடவே, மிகப் பெரிய இரண்டு மார்ச் மழைகளும் கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள்தான் வந்தன என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதிலிருந்து என்ன முடிவு என்று கேட்டதற்கு, “பத்து வருசம் பத்தாது” என்றார்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. விருமாண்டி கடைக்கு வந்தார். ஊருக்கு மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் செங்கல் காளவாசல் வைத்திருப்பவர், வயது ஐம்பத்திரண்டு. இந்தப் பருவத்தின் கடைசிச் சூளைக்கு இருபத்திரண்டாயிரம் பச்சைக்கல் அறுத்துக் காயவைத்திருந்தார். சுடாத கல் மழையில் நனைந்தால் மறுபடி மண்தான்.

“அண்ணே, நாளைக்குக் கல்லு அடுக்குறேன். உங்க சீட்டைப் பாத்துத்தான் நாள் குறிச்சேன்.”

“எந்தச் சீட்டை?”

“இந்தா, செவுத்துல. பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது எல்லாத்துலயும் மழை விழுந்திருக்கு. பதினேழு மட்டும் சுத்தம். முப்பது வருசமா ஒரு சொட்டு இல்லைண்ணே! ஆள்களும் நாளைக்கு ஒரு நாள்தான் இருக்காக. அப்புறம் அடுத்த காளவாசலுக்குப் போயிருவாக.”

“ஒரு தேதியை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாதுப்பா. தார்ப்பாய் இருக்குல்ல?”

“இருக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு விருமாண்டி போய்விட்டார். நல்லகாமன் தாமும் எழுந்து வீட்டுக்கு நடந்தார். முப்பது ஆண்டு உழைப்பை முதன்முதலாக ஒருவர் தம் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த மகிழ்ச்சியில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாகச் சின்னத்தாய் பின்னர் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்தார். நீர் இல்லை. நோட்டில் 17 என்ற தேதிக்கு எதிரே 0.0 என்று எழுதினார். எழுதிய பேனாவை மூடவில்லை, அப்படியே நின்றார்.

அவர் இப்போது எழுதிய பூஜ்யம் இன்றைய நாளுக்கு உரியது அன்று. நேற்றுக் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரைக்கும் உரியது. மழை அளப்பவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் முறை அது. அவரும் முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் எழுதிவந்தார். கோடை மழையோ மாலை நான்கு மணிக்குமேல் வருவது. பதினேழாம் தேதி மாலையில் பெய்தால் அது நோட்டில் பதினெட்டாம் தேதிக்கு எதிரே ஏறும். தாளில் பதினேழுக்குப் பூஜ்யம். பதினெட்டுக்கு ஐந்து. அந்த ஐந்து மழையும் பதினேழாம் தேதி மாலையில் விழுந்தவை. அச்சிட்ட தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அளப்பவனுக்குத் தெரிந்தது படிப்பவனுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். நானும் கூட்டலைத்தான் சரிபார்த்தேன்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு காளவாசலுக்குப் போனார். கால்வாசிக் கல் சூளையில் ஏறியிருந்தது. மீதிக் கல்லின் மூடாக்கை எடுத்துப் பரப்பியிருந்தார்கள். நல்லகாமன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

விருமாண்டி இடுப்பில் கைவைத்து நின்றார். “முப்பது வருசமா தேதியை மாத்தியா எழுதுனீக?”

“மாத்தி எழுதலை. முறைப்படிதான் எழுதுனேன். உனக்குச் சொல்லாம விட்டதுதான் என் தப்பு.”

“வானம் கண்ணாடியா இருக்குண்ணே. எங்க வரப்போகுது?”

“முப்பதுல அஞ்சு தடவை வந்திருக்கு. இருபத்தஞ்சு தடவை வரலை. வராமப் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா வந்தா உன் கல்லு போயிரும். தார்ப்பாயைப் பக்கத்துல எடுத்து வை.”

விருமாண்டி தலையைச் சொறிந்தார். “தார்ப்பாய் இல்லைண்ணே.”

“நேத்து இருக்குன்னியே?”

“இருக்கு. ஒத்தக்கடையில இருக்கு. சீட்டுல சுத்தமா பூஜ்யம்னு இருக்கவும், மாப்ள அருள்பாண்டி வைக்கோல் லோடுக்குக் கேட்டான், குடுத்துவிட்டேன்.”

அருள்பாண்டி விருமாண்டியின் தங்கை கணவர். சரக்கு வண்டி ஓட்டுபவர். ஒத்தக்கடை மதுரையின் கிழக்குக் கோடி. சமயநல்லூர் வடமேற்குக் கோடி. இடையில் நகரம் முழுவதும் இருக்கிறது. விருமாண்டி தொலைபேசியில் அழைத்தார்.

“மாப்ள, தார்ப்பாயைக் கொண்டுட்டு உடனே வா.”

“மச்சான், இப்பத்தானே லோடைக் கட்டி முடிச்சேன். வெயில் மண்டையைப் பொளக்குது, தார்ப்பாய் எதுக்கு?”

“இங்க நல்லகாமண்ணே மழை வரும்ங்கிறாரு.”

“வராதுன்னு சொன்னதும் அவருதானே?”

நல்லகாமன் கைப்பேசியை வாங்கினார். “நான் ரெண்டும் சொல்லலைப்பா. நீ கிளம்பு.”

“வாரேன் வாரேன். லோடை இறக்கிட்டு வாரேன்.”

ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுநாள் அவர்கள் இல்லை. நல்லகாமன் அங்கேயே ஒரு கல்லடுக்கின் நிழலில் அமர்ந்தார். வீட்டிலிருந்து சின்னத்தாய் அழைத்து, சாப்பிட வரவில்லையா என்று கேட்டபோது, “கல்லு உள்ள போனதும் வாரேன்” என்றார். இரண்டு மணிக்கு வடக்கே சிறுமலைப் பக்கம் வெள்ளை மேகம் ஒன்று எழுந்தது. மூன்று மணிக்கு அதன் அடி கறுத்தது. காற்று நின்றது. மூன்றரைக்கு அருள்பாண்டி அழைத்து, நகரின் நடுவே சிம்மக்கல்லில் நெரிசலில் நிற்பதாகச் சொன்னார்.

“எம்புட்டு நேரமாகும் மாப்ள?”

“எனக்கு முன்னால ஏழு பஸ்ஸு, எண்ண முடியாத ஆட்டோ. நீங்களே கணக்குப் போடுங்க. அதான் கணக்குப்பிள்ளை பக்கத்துல இருக்காருல்ல!”

நான்கே காலுக்குச் சூளை அடுக்கி முடிந்தது. வெளிப்புறம் மண் பூசுவதை மறுநாள் விருமாண்டியே செய்துகொள்வதாக இருந்தார். அதுவரை பச்சைக்கல் திறந்தே நிற்கும். நான்கரைக்கு அருள்பாண்டியின் வண்டி வந்தது. பதினான்கு ஆட்களும் விருமாண்டியும் அருள்பாண்டியும் தார்ப்பாய்களை மேலே இழுத்தார்கள். எழுபது வயது நல்லகாமன் கீழே நின்று கயிற்றைப் பிடித்தார். தெற்கு முகத்தில் கடைசித் தார்ப்பாயை விரிக்கும்போது முதல் துளி விழுந்தது. பிறகு இருபது நிமிடம் அடித்து ஊற்றியது.

மழை விட்டபோது தெற்கு மூலையில் ஏறக்குறைய எண்ணூறு கல் கரைந்திருந்தது. மற்ற இருபத்தோராயிரத்துச் சொச்சமும் காய்ந்தபடி நின்றது. விருமாண்டி தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். அடுத்த வரிசையையும் தடவினார்.

“காஞ்சிருக்குண்ணே” என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு நல்லகாமன் மழைமானியைத் திறந்தார். உள்ளே நீர் இல்லை. உருளையைக் கவிழ்த்துப் பார்த்தார்; ஒரு துளி இல்லை. அவர் சட்டை இன்னும் கொடியில் ஈரமாகத் தொங்கியது. ஆயினும் 18 என்ற தேதிக்கு எதிரே 0.0 என்று எழுதினார். கோடை மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும். மழைமானிக்குள் விழுந்ததைத்தான் எழுத முடியும்.

இதைக் கேள்விப்பட்டு விருமாண்டி மழைமானி இருந்த மனைக்கே வந்தார். “என்னண்ணே அநியாயமா இருக்கு! எனக்கு எண்ணூறு கல்லு கரைஞ்சு போச்சு. நீங்களே நனைஞ்சு நின்னீக. நோட்டுல பூஜ்யமா?”

“பூஜ்யம்தான். என் நோட்டு இந்த மனைக்கு உள்ளது. உன் காளவாசலுக்கு இல்லை.”

“அப்ப என் காளவாசலுக்கு யாரு எழுதுறது?”

“எட்டரைக்கு யாரு அங்க இருக்காகளோ, அவுக.”

அடுத்த வாரமே இரண்டாவது மழைமானி வந்தது. களத்தின் நடுவே, சூளையின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி, நல்லகாமன் நாடா பிடித்து அளந்து வைத்தார். தேநீர்க் கடைச் சுவரில் இருந்த தாள்கள் மாறின. புதிய தாளின் தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இருப்பது, முந்தைய நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை பெய்த மழை.’ இந்த முறை அந்த வரியை என்னிடமும் சின்னத்தாயிடமும் அருள்பாண்டியிடமும் தனித்தனியே கொடுத்து, படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொன்னார். மூவரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போனது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நாங்கள் கடையில் இருந்தபோது விருமாண்டி வந்தார். கையில் புதிய நோட்டு.

“நாலு புள்ளி ரெண்டு” என்றார்.

“கண்ணை நேரா வச்சுப் பாத்தியா?”

“மண்டி போட்டுல்ல பாத்தேன்.” நோட்டை நீட்டினார். “எங்க காளவாசலுக்குச் சராசரி எம்புட்டுண்ணே வரும்?”

“முப்பது வருசம் எழுது. சொல்றேன்.”

“எனக்கே எண்பத்திரெண்டு ஆயிருமே! உங்களுக்கு நூறு.”

நல்லகாமன் நோட்டில் இருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். பிறகு நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அப்பக் கூட்டிட்டுக் கொண்டா. நான் கீழே இருந்து மேலே கூட்டிப் பாக்குறேன்.”